நெட் கம்பெனி நடுவில் விலையை ஏற்றிவிட்டு, "போவதென்றால் 1,770 கட்டு" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

மர்பிடவுன் டீச்சர்:

வணக்கம். பெங்களூரு மர்பி டவுனில் இருக்கிறேன். நியூஜெர்சியில் இருக்கும் ஏழு பிள்ளைகளுக்கு இங்கே காலை ஐந்தரைக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லித் தருகிறேன். அங்கே அப்போது இரவு எட்டு. நெட் போனால் என் வகுப்பு போச்சு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "கட் பண்ணிட்டு வேற மாத்துங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்.

டிசம்பர் 18 அன்று ஃபைபர் இணைப்பு கொடுத்தார்கள். வேகம் 100 எம்பிபிஎஸ், மாதம் 699 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் 824 ரூபாய் 82 பைசா. மாதா மாதம் பில் வரும், கட்ட வேண்டும். "பன்னிரண்டு மாசம் இருப்பேன்னு ஒத்துக்கிட்டா இன்ஸ்டலேஷன் 1,500 ஃப்ரீ, ரவுட்டரும் நாங்களே தர்றோம், லேண்ட்லைன் நம்பரும் உண்டு" என்றான் வந்த பையன். டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன். படித்தேனா என்று கேட்காதீர்கள், அடுப்பில் பால் இருந்தது.

நாலு பில் ஒழுங்காக வந்தது. ஏப்ரல் 18 பில்லில் 942 ரூபாய் 82 பைசா. ஏதோ தப்பு என்று பழைய எஸ்எம்எஸ்களைத் தேடினால், ஏப்ரல் முதல் வாரத்தில் ஒன்று வந்திருக்கிறது. உங்கள் பிளான் 150 எம்பிபிஎஸ் ஆக மேம்படுத்தப்பட்டது, மகிழுங்கள் என்று. மாதம் 799 ஆகிறது என்ற விஷயம் அதில் இல்லை, கீழே ஒரு லிங்க்தான் இருந்தது. எனக்கு எதற்கு 150? ஏழு குழந்தைகள் ஆத்திசூடி சொல்வதற்கு 100-ஏ அதிகம்.

கஸ்டமர் கேரில் கன்னடத்துக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. ஒன்றை அழுத்திக் கன்னடத்திலேயே பேசினேன். முப்பது வருஷம் இங்கே இருந்ததற்கு அதுவாவது பயன்பட்டது. அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். பழைய பிளான் இப்போது இல்லையாம். விட்டுப் போவதென்றால் அந்த 1,500-ஐ ஜிஎஸ்டியோடு 1,770 ஆகக் கட்டி, ரவுட்டரையும் திருப்பித் தர வேண்டுமாம். கடைசியில், "மேடம், மாதம் 118 ரூபாய்தானே, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். மீதி எட்டு பில்லுக்கு 118 வீதம் 944 ரூபாய். அதிலிருந்து தப்பிக்க 1,770 கட்ட வேண்டும். எவனும் கட்ட மாட்டான். இதைத் தெரிந்துகொண்டுதான் ஏற்றுகிறார்கள். எனக்கு எரிச்சல் அந்த 118 ரூபாய்க்காக இல்லை. பன்னிரண்டு மாதம் என்று நான் கொடுத்த வாக்கு என்னை மட்டும் கட்டிப்போடுமா, அவர்களைக் கட்டாதா?

அபராதம் இல்லாமல் வெளியேற வழி உண்டா? யாராவது செய்திருக்கிறீர்களா?

இந்திராநகர் வாசி:

அக்கா, ரொம்ப யோசிக்காதீங்க. ஆட்டோபேயை நிறுத்திட்டு பில் கட்டாம விடுங்க. அவங்களே கட் பண்ணுவாங்க. நான் போன வருஷம் அப்படித்தான் பண்ணேன், ஒண்ணும் ஆகல.

முன்னாள் கால்சென்டர்:

மேலே உள்ளவர் சொல்வதைச் செய்யாதீர்கள். கட்டாமல் விட்டால் நீங்கள் புகார் செய்தவர் இல்லை, பாக்கிக்காரர். ஆறு மாதம் கழித்துக் கலெக்‌ஷன் ஏஜென்சிக்காரன் காலை ஏழு மணிக்குப் போன் செய்வான். அப்போது எஸ்எம்எஸ் கதையைச் சொன்னால் அவன் காதில் ஏறாது. பழைய தொகையையாவது கட்டுங்கள், கூடுதல் 118-ஐ மறுக்கிறேன் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

நான் நாலு வருஷம் இப்படி ஒரு கம்பெனியில் போன் எடுத்தவன், பெயர் வேண்டாம். முதலில் எடுக்கும் பிள்ளைக்கு விலையைக் குறைக்கும் அதிகாரம் கிடையாது. அவள் திரையில் அந்த பட்டனே இருக்காது. நீங்கள் எவ்வளவு நியாயம் பேசினாலும் அவள் "அட்ஜஸ்ட்" என்றுதான் சொல்ல முடியும், பாவம். "இணைப்பைத் துண்டிக்கக் கோரிக்கை பதிவு செய்யுங்கள்" என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வந்த பிறகுதான் அழைப்பு ரிடென்ஷன் டீமுக்கு, அதாவது விட்டுப் போகிறவரைத் தக்கவைக்கும் குழுவுக்குப் போகும். தள்ளுபடி கொடுக்கிற அதிகாரம் அவர்களிடம். எங்கள் ஆபீஸில் அந்த டீம் தனி அறையில் உட்காரும், ஏசியும் அங்கேதான் நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்று, போனில் பேசி முடித்ததும் டாக்கெட் நம்பர், அதாவது புகார் பதிவு எண், கேட்டு வாங்குங்கள். அவர்களாகத் தர மாட்டார்கள், தருவது அவர்கள் கடமை. நம்பர் இல்லையென்றால் நீங்கள் பேசவே இல்லை என்று அர்த்தம்.

பழைய லைன்மேன்:

டீச்சரம்மா, 31 வருஷம் கம்பத்தில் ஏறினவன் சொல்கிறேன். சிம் மாதிரி இதைப் போர்ட் பண்ண முடியாது. புது லைன் வீட்டுக்குள் வந்து, பத்து நாள் காலை ஐந்தரைக்கு ஓடிப் பார்த்த பிறகுதான் பழையதை வெட்டச் சொல்லணும். புதுசு எடுக்கும் முன் உங்க சந்துக் கம்பத்தில் எந்தக் கம்பெனியோட ஃபைபர் பெட்டி தொங்குது என்று பாருங்க. கம்பெனிக்காரன் "உங்க ஏரியாவில் சர்வீஸ் உண்டு" என்பான், கடைசிப் பெட்டி இருநூறு மீட்டர் தள்ளி இருக்கும். அப்புறம் மரத்து மேல கேபிளைப் போட்டுட்டுப் போவான், மே மாச மழையில கிளை விழுந்தா உங்க வகுப்பும் விழும்.

சாந்திநகர் படியேறியவன்:

நான் வக்கீல் இல்லை. ஆனால் ஒரு வாஷிங் மெஷின் விவகாரத்தில் சாந்திநகர் பிஎம்டிசி கட்டடத்தில் இருக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு ஒன்பது தடவை போனவன். வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி: அந்த லேண்ட்லைன் நம்பர் உண்மையிலேயே கொடுத்தார்களா? கேட்கக் காரணம் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-இல் தன் கட்டண ஆணைக்கு 43ஆம் திருத்தம் கொண்டுவந்தது. ஒரு பிளானில் நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் அந்தப் பிளான் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இடையில் வேறு பிளானுக்குப் போகும் உரிமை உங்களுக்குத்தான் உண்டு, அவர்களாக உங்களைத் தள்ள முடியாது. ஆனால் அது தொலைபேசிச் சேவை தருபவர்களை வைத்து எழுதிய விதி. இணைய உரிமம் மட்டும் வைத்திருக்கும் சின்ன கம்பெனி "எங்களுக்குப் பொருந்தாது" என்று வாதாடும். உங்களுக்கு போனும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அந்த வாதம் எடுபடுவது கஷ்டம்.

டிசம்பர் 18-இல் சேர்ந்திருக்கிறீர்கள். ஜூன் 17 வரை ஆறு மாதம். ஏப்ரல் பில்லும் மே பில்லும் அதற்குள் வருகின்றன. ஆக 236 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பிறகு ஏற்றக்கூடாது என்று இந்த விதியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு வருஷப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டியிருந்தால் வருஷம் முழுக்கப் பாதுகாப்பு இருந்திருக்கும். மாத பில் என்பதால் அது இல்லை.

ஆனால் உங்கள் 1,770 வேறு விஷயம். அவர்கள் பேசிய விலையை மாற்றிய பிறகு, நீங்கள் பேசிய காலத்தை மாற்றினால் அபராதம் என்பது எப்படிச் சரி? இங்கேதான் அழுத்த வேண்டும். கேட்காத 150-ஐத் தலையில் கட்டினார்கள், புது விலையை எஸ்எம்எஸ்ஸில் மறைத்தார்கள் என்று எழுதுங்கள். கடிதத்தில் உணர்ச்சி வேண்டாம், தேதியும் ரூபாயும் போதும்.

புகாருக்குச் சரியான பதில் வராவிட்டால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருப்பார். டிராயின் 2012 புகார் விதிகளின்படி 30 நாளுக்குள் அவருக்கு எழுத வேண்டும், அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கட்டணம் கிடையாது. பாதிப் பேருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. டிராய்க்கு எழுதிப் பயனில்லை, தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை, கம்பெனிக்கே அனுப்பிவிடுவார்கள். நடுவில் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் பதிந்துவையுங்கள்.

அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேவைக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, ஆன்லைனிலேயே போடலாம். டெலிகாம் விஷயத்தை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று கம்பெனிகள் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டது. ஒரு எச்சரிக்கை: மனுவில் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று தலைப்பு போடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிய வழக்கு. "சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை" என்று போட்டால் மாவட்டத்திலேயே நிற்கும். எனக்கு இந்த வித்தியாசம் மூன்றாவது தடவை படியேறியபோதுதான் தெரிந்தது.

ஹாரோ தம்பி:

நான் பெங்களூருக்காரன், இப்போது லண்டன் ஹாரோவில். இங்கே இதே கூத்துதான், பெரிய அளவில். ஒப்பந்தத்திலேயே "ஒவ்வொரு வருஷமும் பணவீக்கம் பிளஸ் 3.9 சதவீதம் ஏற்றுவோம்" என்று எழுதிவைத்திருந்தார்கள். அடுத்த வருஷம் எவ்வளவு என்று சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரி 17 முதல் போடும் புது ஒப்பந்தங்களில் அது கூடாது, எவ்வளவு ஏறும் என்பதைப் பவுண்டு பென்ஸில் முன்னாடியே சொல்ல வேண்டும் என்று இங்கத்திய தொலைத்தொடர்பு ஆணையமான ஆஃப்காம் ஆணை போட்டது. முன்கூட்டிச் சொல்லாத ஏற்றம் என்றால் நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் அபராதம் இல்லாமல் வெளியேறலாம். சொல்லிவிட்டு ஏற்றினால் அந்த உரிமை இல்லை. சொன்னார்களா இல்லையா என்பதுதான் இங்கே எல்லாமே. டீச்சர், அந்த டேப்லெட்டில் என்ன எழுதியிருந்தது என்று மெயிலில் தேடிப் பாருங்கள். நகல் அனுப்பியிருப்பார்கள்.

மர்பிடவுன் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரமாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும், பிள்ளைகளுக்கு ஆண்டு விழா.

தம்பி சொன்னபடி மெயிலில் தேடினேன். ஸ்பேமில் கிடந்தது, ஒன்பது பக்கம். 12 மாதம், 1,500, ரவுட்டர் எல்லாம் இருக்கிறது. நடுவில் விலை ஏறலாம் என்று ஒரு இடத்திலும் இல்லை. "பிளான் 699" என்று மட்டும் இரண்டு இடத்தில். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தேன்.

லேண்ட்லைன் போன் உண்மையிலேயே கொடுத்திருக்கிறார்கள் சார். டப்பாவைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். அது எனக்கு இப்படி உதவும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

துண்டிக்கக் கோரிக்கை என்றதும் குரலே மாறிவிட்டது. டாக்கெட் நம்பர் தந்தார்கள். மறுநாள் ரிடென்ஷனிலிருந்து ஒரு ஆள் கூப்பிட்டு, பழைய விலைக்கே டிசம்பர் வரை தருகிறேன், ஆனால் இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் சிரித்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லி, தேதியும் ரூபாயும் மட்டும் வைத்து மெயில் அனுப்பினேன். ஐந்தாம் நாள் பதில்: 236 கழித்துவிடுகிறோம், இன்ஸ்டலேஷன் தொகை கேட்க மாட்டோம், ரவுட்டரைக் கொடுங்கள். மேல்முறையீடு வரை போகவில்லை. பெருந்தன்மையாம், மெயிலில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

புது லைன் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. லைன்மேன் ஐயா, பெட்டி எங்கள் சந்துக் கம்பத்திலேயே இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். இந்தத் தடவை எந்த வருஷக் கணக்கும் இல்லை, இன்ஸ்டலேஷனுக்குக் காசு கொடுத்துவிட்டேன்.

நேற்று ரவுட்டர் எடுக்க ஆள் வந்தான். சீரியல் நம்பர் தெரிய போட்டோ எடுத்துக்கொண்டு கொடுத்தேன். "அடாப்டர் எங்க மேடம்? இல்லேன்னா சார்ஜ் போடுவாங்க" என்றான். வீடு முழுக்கத் தேடினோம். கடைசியில் பார்த்தால், என் பையன் அதை வாசல் சீரியல் விளக்கில் செருகி வைத்திருக்கிறான். தீபாவளியிலிருந்து அங்கே வேறு அடாப்டர்தானே இருந்தது என்றேன். அது போன மாதமே எரிந்துவிட்டதாம். பிடுங்கிக் கொடுத்து, ரசீதில் "அடாப்டருடன்" என்று எழுத வைத்துக் கையெழுத்து வாங்கினேன். இந்தத் தடவை படித்துப் பார்த்துத்தான்.