பெரிய வளவு வாட்ஸ்அப் குழு: சனி இரவு என்ன படம்?

நான்: வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எல்லோரும் முள்ளியவளைக்கு வருகிறீர்கள்தானே. என்னோடு வேலை செய்கிற ஒருவர் சனி இரவுக்குப் புரொஜெக்டர் தருகிறேன் என்றிருக்கிறார். பின் முற்றத்தில் வேம்புக்கும் கிணற்றடிக்கும் நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டினால் சரி. பழைய படம்தான் போடுவேன், புதுசைத்தான் ஆளுக்கொரு போனில் தினமும் பார்க்கிறோமே. ஆளுக்கு ஒரு படம் சொல்லுங்கோ, ஏன் என்றும் சொல்லுங்கோ. சும்மா "சூப்பர்" என்று எழுதுகிறவர்களின் வாக்கு செல்லாது.

தம்பி: அக்கா, பழசு என்றால் எவ்வளவு பழசு?

நான்: நீ பிறக்க முந்தி வந்தது எல்லாம் பழசு.

தம்பி: அப்போ அன்பே சிவம். 2003. நான் பிறக்க ஒரு வருசம் முந்தி.

முள்ளியவளை அத்தான்: அதுவா பழசு! அது வந்தபோது எனக்கு மீசை முளைத்துவிட்டது.

தம்பி: அத்தான், தியேட்டரில் ஓடாத படம் அது. பிறகு ரிவியில் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் சனம் தலையில் தூக்கி வைத்தது. இப்போது என் வகுப்புப் பெடியள் பாதிப் பேருக்கு வசனம் பாடம்.

பெரியக்கா: நல்ல படம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் கமல் ஓரிடத்தில் சுனாமி என்று சொல்லுவார். 2003 தைப்பொங்கலுக்கு வந்த படம், அப்போது எங்களில் யாருக்கு அந்தச் சொல் தெரியும்? அடுத்த வருச மார்கழிக்குப் பிறகு முல்லைத்தீவில் அதைத் தெரியாத குழந்தையே இல்லை. சனிக்கிழமை கடற்கரைக் கள்ளப்பாட்டுச் சனமும் வரும், அவர்களை முன்னால் இருத்தி வைத்து அதைப் போடாதே.

தம்பி: ஓம் அக்கா, அதை நான் யோசிக்கவில்லை.

கனடா அண்ணா: கன்னத்தில் முத்தமிட்டால் போடலாமே. மாங்குளத்தின் பெயர் வந்த பெரிய படம் வேறு எது?

முள்ளியவளை அத்தான்: பெயர் வந்தது மச்சான், ஊர் வரவில்லை. நான் பிறந்து வளர்ந்த மாங்குளத்தை அந்தப் படத்தில் கடைசி வரை தேடினேன், ஏ9 சந்தியும் இல்லை, எங்கள் வெயிலும் இல்லை.

கனடா அண்ணா: அந்தப் பிள்ளை பெற்ற தாயைத் தேடிக்கொண்டு வருகிறது, நீங்கள் சந்தியைத் தேடுகிறீர்கள்!

அம்மா: பிள்ளை, அம்மம்மா பக்கத்தில் இருந்து கரைச்சல் தருகிறா. தில்லானா மோகனாம்பாள் போடட்டாம். அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், குரல் பதிவு போட அவவுக்கு வெட்கம்.

"நான் அந்தப் படத்தைக் கண்ணால் பார்க்க முந்தியே காதால் பார்த்துவிட்டேன். திருச்சி வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள், படத்தின் கதையும் வசனமும் பாட்டும் மட்டும் வரும். நாங்கள் உரலில் மா இடித்துக்கொண்டு கேட்போம், நாதசுரம் தொடங்கினால் உலக்கையை நிறுத்திவிடுவோம். ஜில் ஜில் ரமாமணி எப்படி இருப்பாள் என்று எனக்குள் ஒரு முகம் இருந்தது. பிறகு படத்தில் மனோரமாவைப் பார்த்தேன், நான் நினைத்த முகத்தைவிட நன்றாக இருந்தது."

மல்லாவி மாமா: அம்மா சொல்லுவது சரி. 1968 இல் வந்த படம். நாதசுரம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்கள். ஆனால் சிவாஜியின் கழுத்து நரம்பையும் கன்னத்தையும் பாருங்கோ, அந்த ஆள் ஊதவில்லை என்று சத்தியம் செய்தாலும் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நான்: அம்மம்மா, அது மூன்று மணி நேரப் படம், நுளம்பு எங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஞாயிறு பகல் விறாந்தையில் உங்களுக்கு மட்டும் ரிவியில் போட்டுத் தருகிறேன். இப்போது என்னுடையதைச் சொல்லட்டுமா? அந்த நாள். 1954. வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கியது, ஏவிஎம் எடுத்தது. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம், சண்டையும் இல்லை. யப்பான்காரன் சென்னையில் குண்டு போட்டதற்கு அடுத்த நாள் காலை கதை தொடங்குகிறது. ஒரு துவக்குச் சத்தம், கதாநாயகன் சிவாஜி விழுந்து சாகிறார். தொடக்கத்திலேயே! பிறகு துப்பறிகிறவர் ஒவ்வொருவராக விசாரிக்க விசாரிக்க, செத்தவன் எப்படிப்பட்டவன் என்று ஆளுக்கொரு கதை வருகிறது. தம்பி இரவிரவாகப் பார்க்கிற கொரியன் படங்களுக்கு இது பாட்டன்.

தம்பி: சிவாஜி முதலே செத்துவிடுவாரா? அப்படியென்றால் அழ மாட்டாரே, நான் பார்ப்பேன்.

மல்லாவி மாமா: டேய்.

பெரியக்கா: கறுப்பு வெள்ளை என்றால் எனக்கு அவள் அப்படித்தான். 1978, ருத்ரையா எடுத்தது. கமல், ரஜினி இரண்டு பேரும் இருந்தும் படம் ஸ்ரீப்ரியாவுடையது. எல்லோரையும் எதிர்த்துக் கதைக்கிற, யாரையும் இலேசில் நம்பாத ஒரு பெண், அவளைத் திருத்தி எடுக்க வேண்டும் என்று படம் நினைக்கவே இல்லை. ருத்ரையா அதற்குப் பிறகு ஒரேயொரு படம்தான் எடுத்தார். ஆனால் இதை முற்றத்தில் மாமாமாரோடு இருந்து பார்க்க முடியாது, ஆளாளுக்கு அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். நாங்கள் மச்சாள்மார் தனியாகப் பார்க்கிறோம்.

முள்ளியவளை அத்தான்: நான் புத்தி சொல்ல மாட்டேன்.

பெரியக்கா: நீங்கள்தான் முதல் ஆள்.

மல்லாவி மாமா: எங்கள் நாட்டுப் படம் ஒன்றையும் ஒருவரும் சொல்லவில்லையே. வாடைக்காற்று, செங்கை ஆழியானின் நாவல், 1978 இல் வந்தது. அதற்கு ஒரு வருசம் முந்திப் பொன்மணி, யாழ்ப்பாணத்துக் கதை, எடுத்தவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களவர். சாதியும் சீதனமும் ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்று, சத்தம் போடாமல் காட்டிய படம். அப்போது பாட்டும் சண்டையும் கேட்டுப் பழகிய சனத்துக்கு அது பிடிக்கவில்லை. 83 ஆடிக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்ததோடு எத்தனையோ படங்களின் நெகட்டிவ் போய்விட்டது. மிச்சம் இருக்கிறதையாவது பார்க்க வேண்டும்.

நான்: பொன்மணி என் பட்டியலில் இருக்கிறது மாமா. ஆனால் சனத்தோடு பார்க்க நான் மனதில் வைத்திருக்கிற இன்னொன்று வீடு. 1988. எங்கள் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா எடுத்தது. வாடகை வீட்டை விட்டு எழும்பு என்கிறார்கள், வேலைக்குப் போகிற ஒரு பெண் தாத்தாவையும் தங்கச்சியையும் வைத்துக்கொண்டு சின்னதாக ஒரு வீடு கட்டத் தொடங்குகிறாள். அவ்வளவுதான் கதை. பாட்டு இல்லை. அத்திவாரம், கல்லு, சீமெந்து, கடன், சீமெந்தைக் களவாக விற்கிற ஆள். சொக்கலிங்க பாகவதர் அந்தத் தாத்தாவாக, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியே வருவார் பாருங்கோ, அதற்காகவே பார்க்கலாம். அர்ச்சனாவுக்கு அந்த வருசம் தேசிய விருது. சின்ன வயதில் தன் தாய் வீடு கட்டப் பட்ட பாட்டை நினைத்து எடுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அம்மா: இதை நான் காசில்லாமலே பார்த்துவிட்டேன் பிள்ளை. வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம், அதுவும் கட்டம் கட்டமாக. அத்திவாரம் முடித்துப் படம் எடுத்துக் காட்டினால்தான் அடுத்த காசு. மேசன் வேறு வேலைக்குப் போய்விட்டான், மணல் விலை கிழமைக்கு ஒன்று. கூரை போட என் காப்பு அடைவுக்குப் போனது, இன்னும் பூச்சுப் பூசாத சுவரில் நீதான் நாட்காட்டி கொழுவி வைத்திருக்கிறாய். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு நான் வீடு கட்டுகிற படம் பார்க்க வேண்டுமா?

கனடா அண்ணா: ஹாஹா. அம்மாவின் விமர்சனம் போதும், படம் வெற்றி.

நான்: அம்மா, அதனால்தான் சொன்னேன். உங்களைவிட அந்தப் படத்தில் பிழை பிடிக்க யாருக்குத் தகுதி இருக்கிறது?

அம்மா: பார்க்கலாம், ஆனால் பொங்கலுக்கு வேண்டாம். தீபாவளிக்குப் போடு.

ஒட்டுசுட்டான் சித்தி: நான் இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணா, நீங்கள் அக்கராயனில் வீடியோ டெக் ஓட்டின காலத்தில் ஒரு படம் பாதியில் நின்றதே, நினைவிருக்கிறதா?

மல்லாவி மாமா: எது நிற்கவில்லை? நிற்காத படம் எது என்று கேள்.

மல்லாவி மாமா: சின்னவர்களுக்குத் தெரியாது, சொல்லுகிறேன். 96 இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு அக்கராயனில் கொட்டில் போட்டு இருந்தோம். கரண்ட் என்ற சொல்லே மறந்துபோன காலம். நான் ஒரு டெக், 14 இஞ்சி ரிவி, ஒரு சின்ன ஜெனரேற்றர் மூன்றையும் லான்ட் மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் போட்டு ஏற்றிக்கொண்டு கூப்பிடுகிற இடத்துக்குப் போவேன். ஓர் இரவுக்கு மூன்று படம், வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்துத் தருவார்கள், இல்லாதவர்கள் நெல்லும் தருவார்கள். பெற்றோல் விலைக்குத் தங்கம் வாங்கலாம். மருந்துப் போத்தலில் கொஞ்சம் வைத்திருப்பேன், நாலு சொட்டு விட்டு ஜெனரேற்றரை எழுப்பி, எழும்பினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அது இருமத் தொடங்கினால் ரிவியில் படம் இரண்டு பக்கமும் சுருங்கி உள்ளே வரும். முதலில் கதாநாயகனின் தோள் போகும், பிறகு காது போகும். சனத்துக்குத் தெரியும், காது போனால் இன்னும் ஐந்து நிமிடம்தான்.

தம்பி: மாமா இதைத்தான் படமாக எடுக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் சித்தி: அதுதான். அன்றைக்கு முதல் படம் சாமிப் படம், இரண்டாவது எம்ஜிஆர், மூன்றாவது உதிரிப்பூக்கள். பிள்ளைகள் எல்லாம் பாயில் நித்திரை. விடியப்புறம் நாலு மணி இருக்கும். ஊர்ச் சனம் அந்த மனிசனைச் சுற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து விடுகிறது, அவன் திரும்பி நின்று ஏதோ சொல்ல வாய் எடுக்கிறான், அவனுடைய காது போய்விட்டது. பிறகு முழு ரிவியும் ஒரு புள்ளியாகிப் போய்விட்டது.

மல்லாவி மாமா: மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. கான் கவிழ்த்துப் பார்த்தேன். அந்த வளவில் விளக்குக்கு வைத்திருந்ததையும் கேட்டேன், அவர்கள் மாட்டேன் என்றுவிட்டார்கள், பாவம், அவர்களுக்கும் வேண்டுமே.

ஒட்டுசுட்டான் சித்தி: சித்தப்பா சொன்னார், நாளைக்கு எங்கேயாவது ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வருகிறேன், மிச்சத்தைப் பார்ப்போம் என்று. வாங்கியும் வந்தார். அதற்குள் நீங்கள் டெக்கைக் கட்டிக்கொண்டு மல்லாவிக்குப் போய்விட்டீர்கள்.

பெரியக்கா: அப்போ சித்தி, அந்த முடிவை இன்றைக்கு வரைக்கும் பார்க்கவில்லையா? யூடியூப்பில் கிடக்கிறதே.

ஒட்டுசுட்டான் சித்தி: கிடக்கிறது என்று தெரியும். தனியே இருந்து பார்க்க மனம் வரவில்லை பிள்ளை.

தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: தம்பி, இப்போது என்ன எழுதி அழித்தாய்?

தம்பி: முடிவு. சொறி.

ஒட்டுசுட்டான் சித்தி: நான் கண்ணாடி போடாமல் இருந்தேன், தப்பினாய்.

மல்லாவி மாமா: 1979 இல் வந்த படம். புதுமைப்பித்தனின் சிற்றன்னையைப் படித்துவிட்டு மகேந்திரன் எடுத்தது, ஆனால் நாவல் வேறு, படம் வேறு. விஜயன் அந்தப் பொல்லாதவனாக. ஓரிடத்தில்கூடக் கண்ணை உருட்டிக் கத்த மாட்டான், மெல்லச் சிரித்துக்கொண்டே வீட்டுக்காரியைச் சாகடிப்பான். அவள் பிள்ளைகளுக்குப் பாடுகிற அழகிய கண்ணே பாட்டில், ஜானகியின் குரல் கேட்டு அன்றைக்கு முன்வரிசையில் கிழவிமார் மூக்கைச் சீறினது எனக்கு இன்னும் நினைவு. மகேந்திரன் சமாதான காலத்தில் வன்னிக்கே வந்து படம் எடுக்கப் படிப்பித்தவர், தெரியுமா?

கனடா அண்ணா: எனக்குத் தெரியாது மாமா. சரி, நான் வாக்குப் போடுகிறேன். உதிரிப்பூக்கள். நான் இங்கே இருந்து வீடியோ கோலில் வேட்டியைப் பார்க்கிறேன், போனை மரத்தில் கட்டிவிடுங்கோ.

முள்ளியவளை அத்தான்: எனக்கும் அதுதான். பாயும் கச்சானும் என் பொறுப்பு.

பெரியக்கா: எனக்கும்.

தம்பி: எனக்கும். அக்கா சொன்ன "அந்த நாள்" படத்தை நான் இன்றைக்கு இரவு போனில் பார்க்கிறேன். கொலைகாரனை ஒருவரும் சொல்லாதேங்கோ.

அம்மா: அம்மம்மா கேட்கிறா, அதில் நாதசுரம் இருக்கா என்று.

நான்: இல்லை அம்மம்மா, ஆனால் இளையராஜா இருக்கிறார். அப்போ முடிவு: சனி இரவு ஏழரைக்கு உதிரிப்பூக்கள். சித்திக்கு முன் வரிசையில் கதிரை.

ஒட்டுசுட்டான் சித்தி: கதிரை வேண்டாம், பாய் போதும். போன கிழமையும் இரண்டு இரவு கரண்ட் போனது. அதற்கு என்ன செய்யப் போகிறாய்?

மல்லாவி மாமா: அந்தப் பழைய ஜெனரேற்றர் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடக்கிறது, நாளைக்கே பிளக்கைக் கழற்றித் துடைக்கிறேன். பெற்றோல் ஐந்து லீற்றர் நான் அடித்துக்கொண்டு வருகிறேன்.

ஒட்டுசுட்டான் சித்தி: பத்து அடியுங்கோ அண்ணா.