லிஜியாங் போய் வந்தவர்கள் யாராவது?

டிசம்பர் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் சீனாவின் லிஜியாங்குக்குக் கூட்டிப் போகிறேன். யுன்னான் மாநிலத் தேயிலை குதிரை முதுகில் திபெத்துக்குப் போன பழைய பாதையில் உள்ள ஊர். 1997-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. நம் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம், அந்தத் தலைவலி இல்லை.

கவலையெல்லாம் அம்மாவின் முழங்கால்தான். பழைய நகரம் முழுக்கக் கல் பாவிய தெருக்கள். மழை பெய்தால் வழுக்குமா? பழைய நகர வாசலை ஒட்டியே தங்குவது நல்லதா?

ஊரே சுமார் 2,400 மீட்டர் உயரம். ரயிலில் ஷாங்ரி-லா ஊருக்குப் போனால் 3,200 மீட்டருக்கு மேல். எழுபதைத் தாண்டியவருக்குத் தாங்குமா, இல்லை லிஜியாங்கோடு நிறுத்திக்கொள்ளலாமா?

அப்புறம் சாப்பாடு. அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். இங்கே தேக்கா கடைகளில் பருப்புப்பொடியும் ஊறுகாயும் வாங்கியாச்சு. பன்றிக்கொழுப்பு சேர்க்காமல் சமைத்துத் தரும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.