மைன்கிராஃப்ட் தரவுத்தளம்: வடிவமைப்பைப் பார்த்துக் கருத்து சொல்வீர்களா?

வணக்கம் நண்பர்களே. மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை ஆடும் எங்கள் குழுவுக்காகக் கனிமங்கள், பொருள்கள், உயிரினங்கள் எல்லாவற்றையும் தேடிப் பார்க்க ஒரு தரவுத்தளம் உருவாக்கி வருகிறோம். தகவல் ஓரளவு சேர்ந்துவிட்டது, அதைக் காட்டும் விதத்தில்தான் குழப்பம்.

பெரிய சிக்கல் பதிப்பு. 2021 நவம்பரில் வந்த 1.18-இல் விளையாட்டு உலகின் அடிமட்டம் (உயரத்தைக் காட்டும் எண்) 0-இலிருந்து -64-க்கு இறங்கியது. முன்பு வைரத்துக்கு 11, 12-ஆம் மட்டத்தில் தோண்டினால் போதும். இப்போது -59 பக்கம் போக வேண்டும். பழைய பதிப்பிலேயே ஆடுகிறவர்களும் எங்களிடம் உண்டு. இரண்டு விவரத்தையும் அருகருகே காட்டுவதா, முதலில் பதிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதா? எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் கூகுளில் தேடி நேராக வைரத்துக்கு வருகிறவர், எந்தப் பதிப்பைப் பார்க்கிறோம் என்று கவனிக்கவே மாட்டார். இதே விளையாட்டின் இரண்டு வகைகளான ஜாவா, பெட்ராக் இடையிலான வேறுபாடு தனித் தலைவலி.

அப்புறம், எட்டுப் பத்தி உள்ள அட்டவணை மொபைலில் பக்கவாட்டில் ஓடுகிறது. எதை மறைக்கலாம்?

நிறம், லோகோ பற்றி இப்போதைக்கு வேண்டாம், அதற்கு ஏற்கெனவே சண்டை நடக்கிறது. பார்க்க விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள், சோதனை இணைப்பை அனுப்புகிறேன். தடுமாறிய இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் ரொம்ப உதவி.