பென்சில்வேனியா ஷேல் வாயு: கிணற்றுத் தண்ணீரில் மீத்தேன் வந்தால்
(நிலத்தடி, ஊற்று, வாசல்: இந்த உரையாடலில் பேசும் மூவர்)

நிலத்தடி:
ஷேல் என்னும் படிவுப் பாறையை உடைத்து இயற்கை வாயு எடுப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 2004-இல் வாஷிங்டன் கவுண்டியின் ஒரு வாயுக் கிணற்றில் தொடங்கியது. இன்று வாயு உற்பத்தியில் டெக்சஸுக்கு அடுத்த இடம் பென்சில்வேனியாவுக்குத்தான்.

அந்த வாயு இருக்கும் மார்செல்லஸ் என்ற ஷேல் பாறை பெரும்பாலும் 5,000 முதல் 8,000 அடி ஆழத்தில் கிடக்கிறது. வீட்டுத் தண்ணீர்க் கிணறு சில நூறு அடிதான். அதனால் தண்ணீரில் வாயு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வாயுக் கிணற்றின் துளைக்குள் இறக்கும் கேசிங் என்ற உருக்குக் குழாயைச் சுற்றி ஊற்றிய சிமென்ட்டை. சிமென்ட் இறுகும்போது அதன் அழுத்தம் குறையும். அந்த நேரத்தில் மேல்மட்டப் பாறையிலுள்ள வாயு உள்ளே புகுந்து தடம் போட்டுவிடும். துளையில் ஒட்டிய சேற்றைக் கழுவாமல் விட்டாலும், குழாய் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தாலும் சிமென்ட் முழுதாகச் சூழாது. கேசிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியின் வால்வைத் திறந்து வாயுவை விட்டு, மூடிப் பார்க்கும்படி நிறுவனத்தைக் கேளுங்கள். அழுத்தம் திரும்ப ஏறினால் கசிவு இருக்கிறது.

ஊற்று:
பென்சில்வேனியாவின் டிமாக் ஊரில் 2009 ஜனவரி 1 அன்று வீட்டுக் கிணறு ஒன்று வெடித்து, கான்கிரீட் மூடி பெயர்ந்தது. அந்தப் பக்கத் தண்ணீரில் இயல்பாகவே மீத்தேன் உண்டு என்பதால், துளையிடுவதற்கு முன்பே எடுத்த பரிசோதனை இல்லாதவர்கள் வாதாட முடியாமல் தவித்தார்கள். மாநிலத்தின் 2012-இன் 13-ஆம் சட்டப்படி, வாயுத் துளையிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்த 12 மாதத்துக்குள் தண்ணீர் கெட்டால் நிறுவனமே பொறுப்பு என்று கொள்ளப்படும். முன்பரிசோதனைத் தாளைக் காட்டி அவர்கள் அதை மறுக்கலாம். ஆகவே உங்களிடமும் ஒரு தாள் இருந்தே தீர வேண்டும்.

மாதிரியை அழுத்தத் தொட்டிக்கும் வடிகட்டிக்கும் முன்னால் எடுங்கள். வெப்பநிலை நிலைக்கும்வரை தண்ணீரை ஓடவிட்டு, வாளித் தண்ணீருக்குள்ளேயே புட்டியை நிரப்பி, குமிழி இல்லாமல் மூடி, பனிக்கட்டியில் வையுங்கள். மீத்தேனோடு ஈத்தேன், குளோரைடு, பேரியம், ஸ்ட்ரான்சியம், புரோமைடு எல்லாம் கேளுங்கள். பாக்டீரியா உண்டாக்கும் மீத்தேனில் ஈத்தேன் அநேகமாக இராது. ஈத்தேன் இருந்தால், வாயு எங்கிருந்து வந்தது என்று காட்ட உதவும் ஐசோடோப் பரிசோதனைக்கும் பணம் செலவழிப்பது நியாயம்.

வாசல்:
வாயு வெளியேற, கிணற்று மூடியில் காற்றுக்குழாய் வைத்தால் போதுமா?

ஊற்று:
தண்ணீரில் மீத்தேன் லிட்டருக்கு 7 மில்லிகிராமைத் தாண்டினாலே மாநில அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம். 28-ஐ நெருங்கினால் தண்ணீர் அதற்கு மேல் தாங்காது, வாயு தானே பிரியும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் சேர்ந்தால், வெடிக்க ஒரு பொறி போதும். குழாய் அவசியம்தான், ஆனால் நிலவறையிலும் பம்ப் அறையிலும் வாயுக் கண்டறி கருவி இல்லாமல் அதை மட்டும் நம்பாதீர்கள்.

நிலத்தடி:
கழிவுநீரையும் மறந்துவிடக் கூடாது. தொடக்க ஆண்டுகளில் ஒரு வாயுக் கிணற்றின் பாறையை நீர் அழுத்தத்தால் உடைக்க ஒன்றரை முதல் இரண்டு கோடி லிட்டர் தண்ணீர் பிடித்தது. திரும்பி வருவது கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு. அதிலுள்ள புரோமைடு, குடிநீர் நிலையத்துக் குளோரினோடு சேர்ந்து உடலுக்குக் கெடுதலான டிரைஹாலோமீத்தேன் ஆகிறது. 2011 மே மாதம், கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்புவதை நிறுத்தும்படி மாநிலம் நிறுவனங்களிடம் சொன்னது இதனால்தான். லாரிகள் பக்கத்து மாநிலமான ஒஹாயோவில், கழிவுநீரை நிலத்துக்குள் செலுத்தும் ஆழ்கிணறுகளை நோக்கித் திரும்பின. அங்கே அந்த டிசம்பர் 31-இல் யங்ஸ்டவுனில் 4.0 அளவு நிலநடுக்கம். கழிவுநீரின் மறுபயன்பாடு இப்போது கூடியிருக்கிறது. ஆனாலும் உங்கள் தெருவில் லாரி ஓடினால், அது எங்கே கொட்டுகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.