மெலோடிராமா காலத்து நாடகச் சுவரொட்டிகள்: நல்ல பிரதியை எப்படிப் பெறுவது?

ஒத்திகைக்கூடம் (கோவை) கேட்கிறார்:

எங்கள் நாடகக் குழுவுக்கு ஒரு ஒத்திகைக் கூடம் கிடைத்திருக்கிறது. அதன் நீளச் சுவரில் 1880, 1890-களின் அமெரிக்க மெலோடிராமா (உணர்ச்சியையும் பரபரப்பையும் உச்சத்துக்கு ஏற்றும்) நாடகச் சுவரொட்டிகளை மாட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாய்ந்து வரும் ரயில், தீப்பற்றிய வீடு, பனிப்புயலில் துரத்தப்படும் பெண் என்று நாடகத்தின் உச்சக் காட்சி ஒன்றை மட்டும் எடுத்து, தெருவில் போகிறவரைப் பிடித்து நிறுத்திய படங்கள் அவை. கை எங்கே இருக்க வேண்டும், கண் எங்கே பார்க்க வேண்டும் என்று நான் நடிகர்களுக்கு மணிக்கணக்கில் சொல்வதை அவை ஒரு பார்வையில் சொல்லிவிடும்.

இணையத்தில் ஒரு விற்பனையாளர் மூன்று சுவரொட்டிகளை "அந்தக் காலத்து அசல் லித்தோ" என்று போட்டிருக்கிறார். காகிதம் பழுப்பேறி, ஓரங்கள் கிழிந்து இருக்கின்றன. நம்பி வாங்கலாமா? பிரதிதான் என்றால் நல்ல பிரதிக்கு வழி என்ன?

கல்லச்சு (சிவகாசி) பதில்:

தம்பி, பணம் அனுப்புவதற்கு முன்னால், முகம் இருக்கும் இடத்தை லென்ஸ் வைத்து நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். என் அப்பா கல்லச்சில் வேலை பார்த்தவர். நான் ஆஃப்செட்டில், அதாவது உலோகத் தகட்டில் படம் ஏற்றி இயந்திரத்தில் அடிக்கும் அச்சில். இரண்டையும் பார்த்து வளர்ந்ததால் இதை உறுதியாகச் சொல்வேன். பழுப்பை யாரும் ஏற்றலாம், ஓரத்தை யாரும் கிழிக்கலாம். அச்சுப் புள்ளியை மறைக்க முடியாது.

அந்தக் காலத்து அசல் சுவரொட்டிகள் பெரும்பாலும் ஜெர்மனியின் பவேரியாவில், சோல்ன்ஹோஃபென் ஊரில் வெட்டியெடுத்த சுண்ணாம்புக் கல்லில் வரைந்து அச்சிட்டவை. எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதை வைத்து அலோய்ஸ் செனஃபெல்டர் 1790-களில் கண்டுபிடித்த முறை இது, லித்தோ என்பது இதைத்தான். வரைந்த கோடு மையை வாங்கிக்கொள்ளும், ஈரமான கல் மையைத் தள்ளிவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, சதை நிறத்துக்கு ஒன்று என்று பிரித்து, கன்னத்து நிழலைக்கூட ஒருவர் உட்கார்ந்து கையால் புள்ளி புள்ளியாக வைத்திருப்பார். அதனால் லென்ஸில் பார்த்தால் புள்ளிகள் பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும், அல்லது மெழுகுக் குச்சி தேய்த்த சொரசொரப்பு தெரியும். வரிசை பிசகாமல் சின்னச் சின்னப் பூப்போலச் சுற்றிச் சுற்றிப் புள்ளி இருந்தால் அது ஆஃப்செட், பிற்காலத்து அச்சு. மை தூவியது போல மெல்லிய துகள்களாக இருந்தால் இன்க்ஜெட்.

பிரதி வாங்குவதில் தவறே இல்லை. இந்தச் சுவரொட்டிகள் சுவரில் ஒட்டப்படுவதற்காகவே அச்சானவை. மழையிலும் அடுத்த நாடகத்தின் பசையிலும் பெரும்பாலானவை போய்விட்டன. காப்புரிமைப் பதிவுக்காகக் கொடுத்து வைத்த படிகள் பல வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. நூலகத்தின் இணையதளத்தில் அவற்றின் பெரிய டிஃப் (தரம் குறையாத படக்கோப்பு வகை) கோப்புகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே வெளியானவற்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை முடிந்துவிட்டது. கோப்பை இறக்கி நீங்களே அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஓரத்தை வெட்ட விடாதீர்கள். கடையில் விற்கும் பிரதிகளில் படம் மட்டும் அழகாக இருக்கட்டும் என்று வெள்ளை ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். சின்சினாட்டியின் ஸ்ட்ரோபிரிட்ஜ் லித்தோ கம்பெனி தன் பெயரைப் போட்டுக்கொண்டது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். வரைந்தவர்களில் பலருக்குப் பெயரே இல்லை. அச்சகத்தின் பெயரையும் வெட்டினால் அந்த உழைப்புக்கு என்ன அடையாளம் மிஞ்சும்? எனக்கு அது பொறுக்காது.

அரங்கவரலாறு (மதுரை) பதில்:

கல்லச்சு ஐயா அச்சைப் பற்றிச் சொல்லிவிட்டார். எதை மாட்டுவது என்பதைப் பற்றி நான் சொல்கிறேன். இந்தக் காலத்தை என் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறேன்.

மெலோடிராமா என்றதும் தண்டவாளத்தில் கட்டிப்போட்ட பெண்ணும் ஓடிவந்து காப்பாற்றும் ஆணும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறார்கள். அந்தக் காட்சியைப் புகழ்பெறச் செய்த அகஸ்டின் டேலியின் 'அண்டர் தி கேஸ்லைட்' 1867-இல் நியூயார்க்கில் மேடையேறியது. அதில் தண்டவாளத்தில் கிடப்பவன் கை இழந்த ஒரு முன்னாள் போர்வீரன். பூட்டிய அறைக் கதவைக் கோடரியால் உடைத்து வெளியே வந்து அவனை மீட்பவள் கதாநாயகி லாரா. 1890-இல் வந்த ஜோசப் ஆர்தரின் 'புளூ ஜீன்ஸ்' நாடகத்திலும் மர அறுவை மில்லின் சுழலும் ரம்பத்தை நோக்கிப் போகிறவன் கணவன், கதவை உடைத்து வருகிறவள் மனைவி. பெண் நடிகர்கள் இருக்கும் கூடத்தில் இப்படிப்பட்ட காட்சி கிடைத்தால் அதற்குத்தான் முதல் இடம் தருவேன்.

கூட்டக் காட்சிக்கு சி. டி. டேசியின் 'தி வார் ஆஃப் வெல்த்' சுவரொட்டியைத் தேடுங்கள். ஸ்ட்ரோபிரிட்ஜ் 1895-இல் அச்சிட்டது. வங்கி வாசலில் முண்டியடிக்கும் கூட்டம். அமெரிக்காவில் வங்கிகள் சரிந்த 1893-ஆம் ஆண்டை நேரில் கண்ட மக்களுக்கு அந்தப் படம் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்! கூட்டத்தில் ஒவ்வொரு உடலும் வேறு வேறு வேகத்தில் இருக்கிறது. பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை.

'அங்கிள் டாம்ஸ் கேபின்' சுவரொட்டிகள் நிறையக் கிடைக்கும். தப்பியோடும் அடிமைப் பெண் எலைசாவைப் பனிக்கட்டி ஆற்றின் மேல் வேட்டை நாய்கள் துரத்தும் படங்கள் அவற்றில் பிரபலம். ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 1852 நாவலில் அந்தத் துரத்தலில் நாய்களே கிடையாது, மேடைக்காகச் சேர்த்தவை. இந்தச் சுவரொட்டிகள் பலவற்றில் கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக வரைந்திருக்கிறார்கள். வகுப்பில் விளக்கிச் சொல்லிக் காட்டலாம். குழந்தைகளும் வந்துபோகும் கூடத்தில் அலங்காரமாக மாட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒத்திகைக்கூடம்:

அண்ணாச்சி, விற்பனையாளர் நெருக்கப் படம் அனுப்பினார். நீங்கள் சொன்ன அதே பூப்போன்ற புள்ளி வரிசை. வாங்கவில்லை. அம்மா, 'வார் ஆஃப் வெல்த்' கிடைத்துவிட்டது, மிக்க நன்றி. எந்த அளவில், எந்தக் காகிதத்தில் அச்சிடலாம்?

கல்லச்சு:

அந்தக் காலத்து ஒற்றைத் தாள் ஏறக்குறைய 28-க்கு 42 அங்குலம். அதே அளவில் போட அங்குலத்துக்கு 150 புள்ளி கணக்கில் 4,200-க்கு 6,300 பிக்சல் வேண்டும். சுவரில் தள்ளி நின்று பார்க்க அது போதும். கோப்பு அதைவிடச் சிறியதென்றால் 20-க்கு 30 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கினால் கையால் வைத்த புள்ளியெல்லாம் குழம்பிப்போகும்.

பளபள ஆர்ட் பேப்பர் வேண்டாம். பளபளப்பில்லாத பருத்திக் காகிதத்தில், எளிதில் வெளுக்காத நிறமி மையில் கேளுங்கள். நிறத்தைத் தூக்கிக் கொடுக்கட்டுமா என்று கடையில் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சட்டம் போடும்போது படம் கண்ணாடியில் ஒட்டாமல் இடையில் அட்டை வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் நம் ஊர் ஈரத்துக்கு மை கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். மேற்கு வெயில் விழும் சுவர் என்றால் எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடுங்கள்.