ஓ.எம்.ஆரில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்: அவரவர் அனுபவம்

காரப்பாக்கத்திலிருந்து:

பன்னிரண்டு வருடமாகச் சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) உள்ள காரப்பாக்கத்தில் இருக்கிறேன். வேலை டைடல் பார்க் பக்கம். தூரம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் காலையில் ஒரு மணி நேரத்தைத் தனியாக எடுத்து வைத்தால்தான் போய்ச் சேர முடியும்.

2008இல் இந்தச் சாலையை ஆறு வழியாகத் திறந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். கார் வேகமாகப் போக வழி செய்தார்கள். பஸ்ஸுக்கு வருகிறவர் எங்கே நிற்பார், இறங்கியவர் எதிர்ப்பக்கம் எப்படிப் போவார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இப்போது மெட்ரோ வேலைக்காக நடுவில் தகரத் தடுப்பு. எங்கள் நிறுத்தம் முதலில் ஒரு மருந்துக்கடை வாசலில் இருந்தது. பிறகு கொஞ்சம் தள்ளி ஏ.டி.எம். முன்னால். அப்புறம் அதுவும் மாறிவிட்டது. போர்டு கிடையாது, கூட்டம் நிற்கிற இடம்தான் ஸ்டாப். மழை வந்து நாங்கள் கடைக் கூரைக்கு ஒதுங்கினால் டிரைவருக்கு ஸ்டாப் இருப்பதே தெரியாது. பஸ் நடு லேனிலேயே போய்விடும்.

பொறுக்க முடியாமல் ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். எந்த நம்பர் எத்தனை மணிக்கு வந்தது, உட்கார இடம் இருந்ததா, அவ்வளவுதான். ஒரு மாதத்தில் எனக்கே ஒன்று பிடிபட்டது. 102ஆம் நம்பர் பஸ் அரை மணி நேரத்துக்கு மேல் வரவே வராது. வந்தால் இரண்டு மூன்று சேர்ந்தே வரும். முதல் பஸ்ஸில் படியில் தொங்குவார்கள், கடைசி பஸ்ஸில் ஜன்னலோர சீட் காலியாக இருக்கும். முதல் வண்டி எங்கேயோ பத்து நிமிடம் மாட்டிக்கொள்கிறது. அதற்குள் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ஏற்றி இறக்க இன்னும் நேரமாகிறது. பின்னால் வருகிற வண்டிக்கு ஆள் இல்லாததால் அது வந்து ஒட்டிக்கொள்கிறது. புது பஸ் எத்தனை விட்டாலும், அது தடையில்லாமல் ஓட ஒரு லேன் கொடுக்காதவரை இப்படித்தான் இருக்கும் என்று அந்த நோட்டுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

போன வருடம் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு மெட்ரோ பொறியாளர் வந்தார். பெரிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டி விளக்கினார். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை சுமார் 45 கிலோமீட்டர், நம் பகுதியில் தூண்களின் மேல். சோழிங்கநல்லூரில் இன்னொரு வழித்தடமும் வந்து சேர்கிறது. எனக்கு மெட்ரோ வேண்டும், மனதார வேண்டும். அப்போது பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா எழுந்து, "சார், ரயிலை விட்டு இறங்கினா படி எந்தப் பக்கம் விடும்? பஸ் எந்தப் பக்கம் நிக்கும்?" என்று கேட்டார். படத்தில் நிலையம் இருந்தது, படி இருந்தது. பஸ் நிறுத்தம் மட்டும் எங்கேயும் இல்லை. பொறியாளர் மழுப்பவில்லை. "இதுல அது வரலம்மா, குறிச்சுக்கிறேன்" என்று படத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். அந்தப் பென்சில் எழுத்து எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

உங்களுக்கு என்ன நேர்ந்தது, எழுதுங்கள்.

செம்மஞ்சேரியிலிருந்து:

அக்கா, நான் என் அம்மாவுக்காக எழுதுகிறேன். சுனாமிக்குப் பிறகு மயிலாப்பூர் கடற்கரைப் பக்கத்திலிருந்து எங்களை இங்கே குடிவைத்தார்கள். வீடுதான் மாறியது. அம்மாவுக்கு வேலை அதே மயிலாப்பூரில், மூன்று வீடு. விடிவதற்கு முன்பே கிளம்பி மெயின் ரோட்டுக்கு நடப்பார்.

2021இல் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது அம்மா அழுதேவிட்டார். மாதச் செலவில் அவ்வளவு மிச்சம். ஆனால் அது சாதாரணக் கட்டண பஸ்ஸுக்கு மட்டும். டீலக்ஸ் வந்தால் விட்டுவிட்டு நிற்பார். அடுத்ததும் டீலக்ஸ். முதல் வீட்டில் எட்டு மணிக்குள் பாத்திரம் தேய்த்தாக வேண்டும், குழந்தை ஸ்கூலுக்குப் போகிற வீடு. நேரம் நெருங்கினால் வேறு வழியில்லாமல் ஷேர் ஆட்டோ. முந்தானையில் முடிந்த காசை அவர் அவிழ்ப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும். டிக்கெட் இலவசம்தான், அந்த பஸ் நேரத்துக்கு வர வேண்டாமா?

ஓ.எம்.ஆர். என்றாலே ஐடி கம்பெனி என்று பேசுகிறார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று எங்களை மாதிரி எத்தனை ஆயிரம் குடும்பம் இங்கே இருக்கிறது! அந்த நேரத்து ஸ்டாப்பில் வந்து யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

ஓய்வுபெற்ற கண்டக்டர்:

இந்த ரோட்டில் பல வருடம் பை மாட்டியவன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

எங்களுக்குக் கணக்கு சிங்கிளில். ஒரு முனையிலிருந்து மறுமுனை போனால் ஒரு சிங்கிள். டிராபிக்கில் ஒவ்வொரு சிங்கிளும் இழுத்தால் ட்யூட்டி நேரம் முடிந்துவிடும், கடைசி சிங்கிள் கட். அதே வண்டி, அதே டிரைவர், அதே டீசல், ஓடுகிற டிரிப் மட்டும் குறையும். ஸ்டாப்பில் நிற்கிற உங்களுக்கு அது "பஸ் வரவில்லை". எங்கள் டிரிப் சீட்டில் அது ஒரு கோடு, அவ்வளவுதான். பஸ்ஸுக்குத் தனி லேன் போட்டால், புது வண்டி வாங்காமலே அந்தச் சிங்கிள் திரும்பக் கிடைக்கும்.

இன்னொன்று. ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோ நாலு நின்றால் பஸ்ஸை ஓரம் கட்ட முடியாது. நடு ரோட்டில் நிறுத்தித்தான் இறக்க வேண்டும். ஒரு தடவை பெருங்குடியில் ஒரு கர்ப்பிணிப் பெண் இறங்கினார். இடது பக்கம் பைக் வந்துவிட்டது. நான் படியில் நின்று கையை நீட்டிக் கத்தினேன், கடவுள் புண்ணியத்தில் நின்றான். அந்தப் பெண்ணின் கை என் கையைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஷேர் ஆட்டோக்காரரையும் குறை சொல்லமாட்டேன், அவருக்கு ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தால் அவர் ஏன் ஸ்டாப்பில் நிற்கப் போகிறார்?

காரப்பாக்கத்திலிருந்து மறுபடி:

அண்ணே, சிங்கிள் கணக்கு எனக்குப் புதுசு. நான் நோட்டில் "வரவில்லை" என்று எழுதியதெல்லாம் உங்கள் சீட்டில் "கட்" ஆக இருந்திருக்கிறது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கத்தான் 2010இல் சட்டம் போட்டு கும்டா என்ற சென்னை ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்தை வைத்தார்கள். 2025இல் சென்னை ஒன் செயலி வந்து பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க முடிகிறது. நல்ல விஷயம், நானும் அதில்தான் எடுக்கிறேன். அதே மாதிரி தரையிலும் சேர வேண்டும். நிலையப் படி இறங்கும் இடத்திலேயே பஸ் நிறுத்தம், பக்கத்தில் ஷேர் ஆட்டோவுக்கு இடம், சாலையைத் தாண்ட ஒரு சிக்னல். தடுப்பை எடுத்ததும் அந்த இடத்தைக் காருக்கே திருப்பிக் கொடுத்துவிடாமல் பஸ்ஸுக்கு ஒரு லேன். தடுப்பு இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பொறியாளரை மறுபடி அழைத்திருக்கிறோம். அண்ணே, நீங்களும் வாருங்கள். தங்கச்சி, அம்மாவுக்கு எந்த நாள் மூன்று வீட்டிலும் லீவு கிடைக்கும் என்று கேட்டுச் சொல். அதைப் பார்த்துத் தேதி வைக்கிறோம்.