பால்சா விமானத்துக்கு டிஷ்யூ, ஃபிலிம், பெயின்ட்: உங்கள் அனுபவம் என்ன?

ஈசூன் பட்டறை:

பால்சா என்ற லேசான மரத்தில் விமான மாடலின் எலும்புக்கூடு வரைக்கும் எல்லாரும் மளமளவென்று கட்டிவிடுகிறோம். போர்த்துவது, வண்ணம் பூசுவது என்று வந்தால்தான் மாதக்கணக்கில் அலமாரி மேல் கிடக்கிறது. அதனால் இந்தத் திரி. முதலில் என் கதை.

நான் கட்டியது சின்ன மின்மோட்டார் மாடல். ஜப்பான் டிஷ்யூ என்ற மெல்லிய காகிதத்தைப் போர்த்தினேன், காரணம் எடைதான். 250 கிராமைத் தாண்டினால் வெளியே பறக்கவிடும் முன் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பதிவு செய்வதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் 1930களின் தோரணையில் இழைத்து இழைத்துக் கட்டியதில் அந்த ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது, சொல்லுங்கள்! டிஷ்யூ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 12 கிராம். இஸ்திரி போட்டு ஒட்டும் சாதாரண பிளாஸ்டிக் ஃபிலிம் 60 வாக்கில். (250க்குக் கீழே என்றால் எங்கும் பறக்கவிடலாம் என்று அர்த்தமில்லை. விமான நிலையம், விமானப்படைத் தளங்களிலிருந்து 5 கிலோமீட்டர், 200 அடி உயரம் என்ற வரம்புகள் அதற்கும் உண்டு.)

டிஷ்யூவின் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் நேராகக் கிழியும், மறு திசையில் கோணிக்கொண்டு போகும். நேராகக் கிழியும் திசைதான் இறக்கையின் நீளவாக்கில் வர வேண்டும். மாற்றி வைத்தால் ரிப்புகளுக்கு (இறக்கையின் குறுக்குச் சட்டங்களுக்கு) நடுவே தொய்ந்து பள்ளம் விழும்.

ஒட்டி, தண்ணீர் தெளித்துச் சுருங்கவிட்டு, பலகையில் குண்டூசி குத்திக் காயவைத்தேன். அதுவரை சுகம். டோப் (டிஷ்யூவை இழுத்துப் பிடிக்கும் அரக்குப் பூச்சு) பூசிய அன்று காலை மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பூசி முடிப்பதற்குள் சிவப்பு டிஷ்யூ மேல் பாலாடை மாதிரி வெள்ளை படர்ந்துவிட்டது. டோப்பில் இருக்கும் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது. நம் ஊரில் விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல். மழையில்லாத நாளில் பிற்பகல் 60 வாக்கில் இறங்கும். ஆகவே நல்ல வெயில் நாள் பார்த்து, மதியம் இரண்டு மணிக்குமேல், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் கொஞ்சம் கலந்த தின்னரை மேலே ஒரு தடவை ஓட்டினேன். வெள்ளை கரைந்து சிவப்பு திரும்பியது. டிசம்பர், ஜனவரி மழையில் டோப் டப்பாவைத் திறப்பதே இல்லை இப்போது.

தெம்பனிஸ் ஃபிலிம்காரன்:

அண்ணே, ஏர்கான் அறையில் பூசினால் ஈரப்பதத் தொல்லையே இல்லை என்று ஒருவர் எனக்கும் யோசனை சொன்னார். ஈரம் குறையும், உண்மைதான். ஆனால் ஜன்னலை அடைத்துக்கொண்டு நைட்ரேட் டோப் பூசுவதா? அந்த ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், தலையும் சுற்றும். வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையில் அந்த விளையாட்டே வேண்டாம் என்று நான் ஃபிலிமுக்குப் போய்விட்டேன்.

ஓராகவர் பிராண்டு ஃபிலிம் என்றால் 100 டிகிரி அருகில் ஒட்டும், 150 அருகில் சுருங்கும். முதலில் ஓரங்களை மட்டும் ஒட்டிவிட்டு, பிறகு சூட்டை ஏற்றி நடுவை இழுக்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே ஏற்றினால் ஓரம் பிடிப்பதற்குள் சுருங்கி, சுருக்கம் நிரந்தரமாகிவிடும். இறக்கையில் அடிப்பக்கம் முதலில், மேல்பக்கம் அப்புறம். அப்போதுதான் தையல் கண்ணில் படாது.

எனக்கு வாய்த்த தொல்லை வேறு. அடர்நீல இறக்கை, காரின் பின்பெட்டியில், வெயிலில். திரும்பி வந்து பார்த்தால் மேல்பக்கம் முழுக்கத் தொளதொளவென்று இருந்தது, ஃபிலிமுக்கு அடியில் பால்சாப் பலகை இருக்கும் இடங்களில் கொப்புளம் வேறு. கொப்புளத்தை ஊசியால் குத்தி, பருத்திக் காலுறை மாட்டிய இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால் காற்று வெளியேறிவிடும். ஃபிலிமில் வெட்டிய எழுத்தை ஃபிலிம் மேல் ஒட்டுவதென்றால் கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தெளித்து, எழுத்தை நகர்த்தி நகர்த்தி வைத்து, பழைய அட்டையால் நீரை வழித்துவிட்டு ஒரு நாள் காயவிடுங்கள். இஸ்திரி அதற்குப் பிறகுதான்.

உட்லண்ட்ஸ் அக்கா:

எங்கள் புளோக்கில் என் கதை கொஞ்சம் பிரபலம். நடைவழியில் ஸ்பிரே கேன் அடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். சண்டைதான் வரப்போகிறது என்று நினைத்தேன். விமானத்தைப் பார்த்துவிட்டு, "இது பறக்குமா?" என்று மலாயில் கேட்டார். பேரனை வேறு கூட்டி வந்து காட்டினார். அதன்பிறகு அவர் வீட்டு வாசலுக்கு எதிரே மூச்சு முட்டும் வாடையை அடிக்க எனக்கே மனசு வரவில்லை. ஏர்பிரஷ்ஷும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கும் வாங்கினேன்.

அக்ரிலிக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. வெறும் டிஷ்யூ மேல் தூரிகையால் ஈரமாகப் பூசினால் டிஷ்யூ தளர்ந்து, காயும்போது இறக்கையையே முறுக்கிவிடும். முதலில் டோப்போ தண்ணீர்ப் பாலியூரித்தேன் வார்னிஷோ மெல்லிசாகப் பூசி அடைத்துவிட வேண்டும். அப்புறம் ஏர்பிரஷ்ஷில் பனி மாதிரி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது. வெள்ளையும் மஞ்சளும் அடியை மறைக்கவே பல பூச்சு கேட்கும், எடை ஏறும். நிறமுள்ள டிஷ்யூவையே போர்த்திவிட்டு, எண்களைக் கறுப்பு டிஷ்யூவில் வெட்டி ஒட்டுவதுதான் என் கட்சி. வாலில் மட்டும் தாராளம் காட்டாதீர்கள். என் மாடலில் வாலில் ஏறும் ஒரு கிராமுக்கு மூக்கில் மூன்று கிராம் ஈயம் வைத்தால்தான் சமநிலை வருகிறது.

அம்மா தன் பழைய பட்டுப்புடவையைப் போர்த்தச் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு துண்டைத் தராசில் வைத்துப் பார்த்ததோடு சரி, அவ்வளவு கனம்! பட்டு போர்த்துவது பழைய வழக்கம்தான். ஆனால் அதற்கு ஹபுட்டாய் மாதிரி மெல்லிய பட்டு வேண்டும்.

ஈசூன் பட்டறை:

அக்கா, அந்த வார்னிஷ் டோப் மாதிரி டிஷ்யூவை இழுத்துப் பிடிக்குமா?

உட்லண்ட்ஸ் அக்கா:

அவ்வளவாக இழுக்காது தம்பி. தண்ணீர் தெளித்து முழுசாகச் சுருங்கவைத்த பிறகுதான் பூச வேண்டும். இறக்கை முனையின் பின்விளிம்புக்கு அடியில் மெல்லிய பால்சாத் துண்டு வைத்து, பலகையில் குத்தியே காயவிடுங்கள். மறுநாள் வரை எடுக்காதீர்கள்.